மூன்றாம் தண்ணீர்

தட்டின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பூஞ்சை என்றுதான் ஆரோக்கியராஜ் முதலில் நினைத்தான். விரலால் வழித்துப் பார்த்தான். பூஞ்சை பிசுபிசுக்கும், ஈரத்துணி வாடை அடிக்கும். இது நறநறத்தது. பின்பக்கம் மனைவி அம்சவள்ளி துணி அலசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் வரமாட்டாள் என்று தெரிந்துகொண்டு விரலை நாக்கில் வைத்தான்.

உப்பு.

வேறு யாருக்காவது சந்தேகம் வரலாம். அவனுக்கு வராது. மரக்காணத்து உப்பளங்களிலிருந்து திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் மூட்டை ஏற்றிப் போகிற குட்டியானை வண்டி அவனுடையது. வேர்வையிலும் சட்டைக் காலரிலும் எந்நேரமும் ஒட்டிக்கொண்டிருந்த ருசி அது. இப்போது தேங்காய் நார்த்தூள் நிரப்பிய தட்டில் இருந்தது. எப்படி வந்தது என்பதும் அந்த நொடியிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

ஜன்னலுக்குக் கீழே நாலு தட்டுகள் வரிசையாக இருந்தன. நாலிலும் அம்சவள்ளி கேப்பை தூவியிருந்தாள். அங்கங்கே நூல் மாதிரி ஏதோ எழுந்து, நுனி கருகி, படுத்துவிட்டிருந்தது. மற்ற இடமெல்லாம் மொட்டை.

கிறிஸ்மஸுக்குக் கோயிலில் குடில் கட்டும்போது புல்தரைக்குக் கேப்பைப் பயிர் வைப்பது வழக்கம். தட்டில் நெருக்கமாகத் தூவி, நாலு விரல் உயரம் வந்ததும் வேரோடு பாய் மாதிரி உரித்தெடுத்து, சுரூபங்களைச் சுற்றிப் பரப்பிவிட்டால் பச்சைப்பசேலென்று இருக்கும். ஒவ்வொரு வருஷமும் ஒரு அன்பியத்தின் பொறுப்பு அது. தெருவில் உள்ள வீடுகள் கூடி ஜெபம் சொல்கிற குழுவுக்குத்தான் அன்பியம் என்று பெயர். இவர்கள் தெருக் குழுவுக்கு ஜெசிந்தா தலைவி. இந்த வருஷம் முறை இவர்களுக்கு வந்தபோது, கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவள் சொல்லிவிட்டாள்.

"அம்சா, பச்ச உன் பொறுப்பு."

"ஐயோ, எனக்கு வேணாங்க்கா."

"இன்னா வேணாம்? விழுப்புரத்துல பாதி மொட்டமாடி உன் நார்த்தூள்லதான் பூக்குது. நம்ம கோயிலுக்கு நாலு தட்டு போட மாட்டியா?"

"தூளு நான் ரெடி பண்ணித் தர்றேங்க்கா. போடறது வேற யாராவது..."

"தூளுக்கு ஒரு ஆளு, வெதைக்கு ஒரு ஆளு, தண்ணிக்கு ஒரு ஆளா? கவர்மெண்டு ஆபீஸா நடத்தறோம்? நீயே போடு."

பெண்கள் சிரித்தார்கள். அம்சவள்ளியும் கூடச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவள் தன் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டதை ஆரோக்கியராஜ் மட்டும் பார்த்தான்.

அந்தக் கையின் கதை அவனுக்குத்தான் தெரியும். அப்போது அவன் அம்மா இருந்தாள், அரைக்காணி மானாவாரி நிலமும் இருந்தது. அம்சவள்ளிக்கு இரண்டாவது தடவையும் வயிற்றில் தங்காமல் போன வருஷம். ஆடி மழை பெய்து, மல்லாட்டை போட ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சாலுக்குப் பின்னால் விதை போட்டுக்கொண்டு வந்த பெண்களோடு அம்சவள்ளியும் மடியில் வேர்க்கடலைப் பருப்பைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். அம்மா வரப்பில் நின்று, "அந்தக் கை வேணாம். அவள மேல ஏறச் சொல்லு," என்றாள். மருமகளைப் பார்த்துச் சொல்லவில்லை. மகனைப் பார்த்துச் சொன்னாள். ஏர் நின்றது. எல்லாரும் பார்த்தார்கள். அவன் கூடையை நீட்டினான். அம்சவள்ளி மடியை அவிழ்த்து அதில் கொட்டிவிட்டு வரப்பேறிப் போனாள்.

அம்மா போய்ச் சேர்ந்தாள், நிலமும் போயிற்று. ஆனால் அதற்குப் பிறகு அம்சவள்ளி ஒரு கருவேப்பிலைக் குச்சியைக்கூட ஊன்றியதில்லை. வாசலில் தானாக முளைத்த பப்பாளிக்கு அவன்தான் தண்ணீர் ஊற்றவேண்டும்.

அப்படிப்பட்டவள் செடி வளர்க்கிறவர்களுக்கு நார்த்தூள் தயார் செய்வதைத் தொழிலாக எடுத்துக்கொண்டாள். வானூர் ரோட்டில் நர்சரி வைத்திருக்கும் காதர் பாட்சாவுக்கு அவன் ஒரு தடவை கயிறு மில்லிலிருந்து தூள் ஏற்றிப் போனான். மிஞ்சியது வீட்டு வாசலில் கிடந்தது. அதில் தொடங்கியது. மில் தூள் பார்ப்பதற்குக் காப்பித்தூள் மாதிரி அழகாக இருக்கும், ஆனால் உள்ளே உப்பு இருக்கும், செடி அதில் பிழைக்காது என்று பாட்சா சொல்லிக் கொடுத்தார். அம்சவள்ளி சிமெண்டுத் தொட்டியில் ஊறவைத்து வடிப்பாள். முதல் தண்ணீர் கஷாயம் மாதிரி இறங்கும். இரண்டாம் தண்ணீர் டீ நிறம். மூன்றாம் தண்ணீர் வைக்கோல் நிறம். அதை உள்ளங்கையில் ஏந்தி நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பாள். துளி கரித்தாலும் நாலாவது தண்ணீர். பிறகு கொட்டகை நிழலில் பரப்பி ஆறவிடுவாள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. அந்தப் பதத்தில் புதுச் சாக்கில் கொட்டி, வாயை இறுக்காமல் கட்டி, தரையில் படாமல் பலகைமேல் அடுக்குவாள். அதிக ஈரத்தோடு இறுக்கிக் கட்டினால் உள்ளே புழுங்கி நாறிவிடும், சுவரோரம் வைத்தால் ஓதம் ஏறும், வெயிலில் வைத்தால் சருகாகிவிடும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். லோடு இறக்கிவிட்டு அவன் அப்படியே கொட்டகைக்குள் நுழைந்தால் விடமாட்டாள். "குளிச்சிட்டு வாங்க. உப்ப வெளிய அனுப்பத்தான் மூணு தண்ணி. நீங்க சட்டையில வெச்சி உள்ள கொண்டாராதீங்க."

சனிக்கிழமைகளில் அவன் சாக்குகளை விழுப்புரத்தில் கொண்டுபோய்ப் போடுவான். வாங்குகிற அம்மாக்கள் பூத்த ரோஜாவையும் காய்த்த கத்திரியையும் படமெடுத்து அனுப்புவார்கள். அம்சவள்ளி அந்தப் படங்களைப் பெரிதாக்கி, பூவை விட்டுவிட்டு, அடியில் தொட்டியில் தெரியும் தூளைப் பார்ப்பாள்.

நவம்பர் கடைசியில் புயல் மழை வந்தது. அம்சவள்ளி விக்கிரவாண்டியில் அவள் தம்பி வீட்டில் மாட்டிக்கொண்டாள். கொட்டகைத் தகரம் ஒன்று பிய்ந்து போய், தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது. கழுவி ஆறப்போட்ட தூள் தரையில் குவியலாகக் கிடந்தது. புதுச் சாக்கு எங்கே வைத்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. வண்டியில் காலிச் சாக்குகள் கிடந்தன. எழுத்து எதுவும் அச்சடிக்காத வெள்ளைச் சாக்குகள். இரண்டை எடுத்து உதறினான். அடித்தையலில் கட்டிபிடித்திருந்த உப்பு உதறலில் விழவில்லை. அள்ளி அள்ளிக் கொட்டி, வீட்டுக்குள் தூக்கிவந்து பலகைமேல் வைத்தான்.

அவள் திரும்பிவந்து பார்த்தபோது முகம் மலர்ந்துபோயிற்று. "எல்லாம் போச்சின்னு நெனச்சிக்கினு வந்தேங்க. காப்பாத்திட்டீங்களே." சாக்கைத் தடவிப் பார்த்தாள். "இது இன்னா சாக்கு?"

"கோழித் தீவனச் சாக்கு. புதுசுதான்," என்றான்.

அந்தப் பொய்க்கு எந்தத் தேவையும் இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு மறுபடி அலசியிருப்பாள், ஒருநாள் வேலை. அவள் முகத்தில் இருந்த அந்த மலர்ச்சி இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று நினைத்தான், அவ்வளவுதான். மழை விட்டதும் மற்ற மூட்டைகள் விழுப்புரம் போய்விட்டன. இந்த இரண்டை மட்டும் அவள் நிறுத்திக்கொண்டாள். "நீங்க காப்பாத்துன தூளு. கோயிலுக்கு இதுலயே போடறேன்."

இப்போது தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தவனின் நாக்கில் அந்த உப்பு கரையாமல் நின்றது. சாயந்திரம் சொல்லிவிடலாம் என்று நினைத்தான்.

சாயந்திரம் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் ஒரு துணிமுடிச்சு. "வெத மேல தப்பு இல்லீங்க," என்றாள்.

"ம்?"

"கூழுக்கு மொளைகட்டணும்னு இதே கேப்பையத்தான் நீங்க துணியில முடிஞ்சி தொங்கவிட்டீங்க. பாருங்க." முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒவ்வொரு மணியிலும் வெள்ளையாக வால் விட்டிருந்தது. "உங்க கை கட்டுனது மொளைச்சிடுச்சி. என் கை தூவுனது போச்சி."

"அப்டிலாம் ஒண்ணும் கெடையாது."

"அத்தைக்குத் தெரிஞ்சிருக்கு."

அவன் வாயைத் திறந்தான். சாக்கு, உப்பு என்று இரண்டே வார்த்தைதான். ஆனால் அவள் குரலில் கோபமோ அழுகையோ இருந்திருந்தால் சொல்லியிருப்பான். வெகுநாளாகத் தெரிந்த ஒன்று சரிதான் என்று ஆகிவிட்டவளின் அமைதி அது. அதற்குள் நுழைய அவனுக்கு வழி தெரியவில்லை. அம்மா பேச்சு வந்தாலே அவன் நாக்கு அந்த வரப்பில் போய் நின்றுவிடும்.

"இன்னொரு தடவ போட்டுப் பாரு," என்றான்.

மறுநாள் காலையில் அவள் தட்டுகளைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, மிச்சமிருந்த சாக்கிலிருந்து தூள் எடுத்து நிரப்பினாள். புதிதாக ஊறவைத்த கேப்பையைத் தூவினாள். தூவுவதற்கு முன் சிலுவை போட்டுக்கொண்டாள். அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். எந்தச் சாக்கில் கைவிடுகிறாள் என்று பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

அன்றைக்கு லோடு இறக்கிவிட்டு நேராக காதர் பாட்சாவின் நர்சரிக்குப் போனான். குவைத்தில் இருந்த காலத்தில் சேர்த்ததை வைத்துப் பாட்சா போட்ட நர்சரி அது. பச்சை வலைக்குக் கீழே தர்பூசணி நாற்று வரிசை வரிசையாக நின்றது.

"இன்னா ஆரோக்கியம், உப்பு யாவாரம் போதும்னு புல்லு யாவாரத்துல எறங்கிட்டியா?" என்றார் அவன் கையிலிருந்த கேப்பைப் பையைப் பார்த்து.

"கோயிலுக்கு பாய். ஒரு ஓரமா நாலு தட்டு போட்டுக்கறேன்."

"உன் ஊட்டுல இல்லாத தூளா? இங்க இருக்கறதே உன் பொண்டாட்டி கழுவி அனுப்புனதுதான்."

அவன் சொன்னான். சாக்கிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னான். பாட்சா முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"இத எங்கிட்ட சொல்ற. அந்தம்மாகிட்ட சொல்றதுக்கு இன்னா, வாய்ல கொழுக்கட்டையா?"

"சொல்லணும் பாய்."

"ஜல்தியா சொல்லு. இந்தப் புல்லு வளந்துடும். அந்தப் பொய் வளர்றது பேஜாரு."

தினமும் லோடு முடிந்து அங்கே போய் வந்தான். தட்டுகளை மூடியிருந்த ஈரச் சாக்கை விலக்கிப் பார்த்தான். முதலில் புள்ளி புள்ளியாக, பிறகு மயிர்க்கால் மாதிரி, பிறகு ஒரேயடியாகப் பச்சை எழுந்தது. அவள் கழுவிய தூளில்தான் இது எழுகிறது என்பது அவனுக்கு ஆறுதலாக இருந்தது. இதைக் கொண்டுபோய் முன்னால் வைத்துவிட்டால், கோயில் காரியம் நடந்துவிடும், ஜெசிந்தா முன்னால் அவள் தலைகுனிய வேண்டியிருக்காது, பேச்சும் அதோடு அடங்கிவிடும் என்று தனக்குள் கணக்குப் போட்டான்.

குடில் கட்டுகிற அன்று காலையில் நாலு தட்டுகளையும் வண்டியிலிருந்து இறக்கி முற்றத்தில் வைத்தான். அம்சவள்ளி அப்போது இரண்டாம் தடவை போட்டதையும் குப்பையில் கொட்டத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதுவும் கருகித்தான் போயிருந்தது. பச்சையைப் பார்த்ததும் நின்றாள். கையிலிருந்த மொட்டைத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, பயிரின் மேலே உள்ளங்கையை வைக்காமல் காற்றில் நிறுத்தினாள்.

"யாரு போட்டது?"

"நான்தான். பாய் நர்சரில."

"ஓ." கையை எடுத்துக்கொண்டாள். "உங்க கை எங்க போட்டாலும் வருது."

தான் செய்த உதவி என்ன செய்துவிட்டது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"எப்டி சொல்றதுன்னு பாத்துக்கினு இருந்தேங்க," என்றாள். "தை பொறந்ததும் தொட்டிய வித்துடலாம். விழுப்புரத்து அம்மாங்ககிட்ட வேற எடம் பாத்துக்கச் சொல்லிடுங்க. இத்தினி நாள் ஒண்ணும் ஆவல. இனிமே ஆச்சின்னா? என் கை பட்ட தூளு எதுக்கு அவங்களுக்கு?"

அவள் குப்பைத் தட்டைத் தூக்கப் போனாள். அவன் குறுக்கே வந்து, அதன் விளிம்பில் படிந்திருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டி எடுத்து நீட்டினான்.

"நாக்குல வெச்சிப் பாரு."

அவள் புரியாமல் வாங்கினாள். வைத்தாள். அவனுக்கு ஆன அளவு நேரம்கூட அவளுக்கு ஆகவில்லை. ஒவ்வொரு மூன்றாம் தண்ணீரையும் தொட்டுப் பார்த்த நாக்கு அது.

முற்றத்தில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு ஷேர் ஆட்டோ போயிற்று. அவன் காத்திருந்தான். அவளும் காத்திருக்கிறாள் என்பது கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

"உப்புச் சாக்கு," என்றான். "வண்டில கெடந்தது."

"தீவனச் சாக்குன்னீங்க."

"பொய் சொன்னேன்."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"மொதத் தடவ கருகுனப்பவே."

"நான் ரெண்டாவது போடறப்ப பக்கத்துல நின்னுக்கினு இருந்தீங்களே."

"ஆமா."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. "அன்னிக்கும் நின்னுக்கினுதான் இருந்தீங்க," என்றாள். எந்த அன்றைக்கு என்று அவன் கேட்கவில்லை. நீட்டிய கூடையின் கனம் இப்போதும் கையில் இருந்தது.

"அம்மா சொன்னது தப்பு அம்சா. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரிஞ்சி எனக்கு இன்னா பிரயோஜனம்?"

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஜெசிந்தா இறங்கும்போதே பேசிக்கொண்டு வந்தாள். "அம்சா, ரெடியா? சாமியார் ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு..." பச்சையைப் பார்த்து நின்று கையைக் கொட்டினாள். "அடி ஆத்தே! இதுக்கா வேணாம் வேணாம்னு ஓடுன? கைராசின்னா இதான்டி கைராசி."

அம்சவள்ளி புருஷனைப் பார்த்தாள். கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. அவன் இப்போதும் நிற்கத்தான் போகிறானா என்று பார்த்தாள்.

"இது அவ போட்டது இல்லக்கா," என்றான் ஆரோக்கியராஜ். தன் குரல் தேவைக்கு மேல் சத்தமாக இருப்பது அவனுக்கே கேட்டது. "நான் போட்டது. அவ போட்டது ரெண்டு தடவையும் கருகிப் போச்சி. தூள நான் உப்புச் சாக்குல கொட்டி வெச்சிட்டேன். தெரிஞ்சும் சொல்லல."

ஜெசிந்தா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏம்ப்பா, உப்பு வண்டி ஓட்டறவனுக்கு உப்பு தெரியலன்னா நாங்க எங்க போறது?" என்று சிரித்தாள். "சரி, யாரு கையா இருந்தா இன்னா, குழந்த ஏசுக்குப் பச்ச வேணும். தூக்கு தூக்கு." அவளுக்கு அது அவ்வளவுதான். இத்தனை நாள் அவன் நெஞ்சில் கிடந்தது ஜெசிந்தாவின் ஒரு சிரிப்பில் முடிந்துவிட்டதை நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது. தட்டுகளைத் தூக்கி ஆட்டோவில் வைத்தான். அம்சவள்ளி கூட வரவில்லை.

குடில் அழகாக இருந்தது என்றார்கள். ஜெசிந்தா கதையைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டிருந்தாள். பூசை முடிந்து வெளியே வந்தபோது ஆண்கள் அவனைப் பார்த்து, "இன்னா ஆரோக்கியம், கேக்குல உப்பு சரியா இருக்குதா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அம்சவள்ளி பெண்கள் பக்கத்திலிருந்து நேரே வீட்டுக்குப் போய்விட்டாள். குடில் பக்கம் போகவில்லை.

பண்டிகை கழிந்ததும் அவள் கெட்டுப்போன தூளை எல்லாம் தொட்டியில் கொட்டினாள். அவன் தண்ணீர் இறைத்து ஊற்றினான். வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. சோறு போட்டாள், சட்டை துவைத்தாள், பேசவில்லை. அந்த வீட்டில் பேசாமலிருப்பது இத்தனை வருஷமும் அவன் வேலையாக இருந்தது. எதிரே உட்கார்ந்து அதைக் கேட்பது எப்படி இருக்கும் என்று அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை. மூன்றாம் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்தாள். முகத்தைச் சுளித்துத் துப்பினாள். நாலாவது ஊற்றினான். மறுபடி துப்பினாள். அதற்கடுத்த தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு விழுங்கிவிட்டாள்.

தூள் பதமாக ஆறிய காலையில் ஒரு தட்டை எடுத்து நிரப்பி ஜன்னலோரம் வைத்தாள். கிண்ணத்தில் ஊறிய கேப்பை இருந்தது. யார் கேட்டு ஊறவைத்தாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. கோயில் காரியம் முடிந்துவிட்டது. குடிலையும் பொங்கலுக்கு முன்னால் பிரித்துவிடுவார்கள். அவன் மெதுவாகப் பக்கத்தில் வந்தான்.

"நீங்க வராதீங்க," என்றாள்.

"சும்மா பாக்கத்தான்."

"பாக்க வேணாம். தண்ணிகூட நீங்க ஊத்தக் கூடாது. மொளைச்சா என் கையால மொளைக்கட்டும். மொளைக்கலன்னா அதுவும் எனக்குத் தெரியணும்."

"மொளைக்கும் அம்சா."

"அத இப்ப சொல்றீங்க."

அவன் வெளியே போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். அங்கிருந்து ஜன்னல் தெரிந்தது. அவள் முகம் தெரியவில்லை. தட்டும், தட்டுக்கு மேலே கேப்பையோடு மூடியிருந்த அவள் வலது கையும் மட்டும் தெரிந்தன. கை அப்படியே நின்றது. மரக்காணத்தில் லோடு காத்திருந்தது, போன் இரண்டு தடவை அதிர்ந்து அடங்கியது. வண்டியைக் கிளப்பினால் அந்தச் சத்தத்தில் அவள் திரும்பிவிடுவாள் என்று, சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தான்.

விரல்கள் பிரிய நேரமாயிற்று. பிறகு கை தட்டின் ஒரு மூலையிலிருந்து மெல்ல நகரத் தொடங்கியது.